கை படாத பீர்

பீருக்கு உயிர் கொடுப்பது ஈஸ்ட். செத்துக் கிடந்த அந்த ஈஸ்ட்டுக்கு உயிர் கொடுத்தவள் நான். இதைத் தம்பட்டம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். எண்பதுகளில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நான் போட்ட பீரைக் குடித்தவர்கள் சிலர் இன்னமும் நல்லபடியாகத்தான் இருக்கிறார்கள். போய்க் கேட்டுப் பாருங்கள்.

முதலில் என் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இட்லி மாவு கலக்க எனக்கு ராசியான கை என்று எங்கள் வரிசை வீடுகளில் பெயர். உளுந்தும் அரிசியும் யார் அரைத்தாலும் சரி, உப்புப் போட்டு நான் ஒரு சுற்றுக் கலக்கி மூடி வைத்தால் காலையில் மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். சிலர் கைக்கு மாவு பொங்காது. அவர்கள் அரைத்து வைத்துவிட்டு, "வந்து ஒரு கை கலக்கிட்டுப் போங்கலா" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடுவார்கள். கல்யாணம் என்றால் சொல்லவே வேண்டாம். காலைப் பலகாரத்துக்கு அண்டா அண்டாவாக அரைத்த மாவில் முதல் கை என்னுடையதுதான். வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். என்னிடம் இருந்த ஒரே சர்ட்டிபிகேட் அந்தக் கைதான்.

பக்கத்து வீட்டு அண்ணனும் என் வீட்டுக்காரரும் ரயில்வேயில் ஒரே பிரிவில் வேலை. அண்ணன் மகளுக்குக் கிள்ளானில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் செய்திருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ஆஸ்திரேலியாவில் படித்துக்கொண்டிருந்த அண்ணனின் தங்கை மகன் விடுமுறைக்கு வந்து போனான். வீட்டிலேயே பீர் போடுகிற சாமான்களை மாமாவுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனான். தேன் மாதிரி கெட்டியான மால்ட் பாகு இரண்டு டின், ஈஸ்ட் இரண்டு பாக்கெட், பாட்டிலுக்கு மூடி அடிக்கிற ஒரு கருவி, செய்முறை எழுதிய தாள் ஒன்று. கூடவே அவனே அங்கே போட்ட பீர் ஒரு பாட்டில். அண்ணன் அந்தப் பாட்டிலைத் திறக்கவே இல்லை. ஹாலில் இருந்த கண்ணாடி அலமாரியில், தலையாட்டும் பொம்மைக்கும் யாரும் டீ குடிக்காத டீ செட்டுக்கும் நடுவில் நிற்க வைத்துவிட்டார். வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

அதோடு விட்டாரா? மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தபோது, "மறுவீட்டு விருந்துக்குக் கடை பீரே கிடையாது சம்பந்தி. எங்க வீட்டு பீர்தான்" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்கு இறக்குகிற இடத்தில் வேலை பார்த்தவர். பல நாடுகளிலிருந்து கப்பலில் வந்த பீரைக் குடித்தவர். அவர் சிரித்துக்கொண்டே, "பார்ப்போம்" என்றார். அந்தப் 'பார்ப்போம்' அண்ணனை நன்றாகக் குத்திவிட்டது.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரும் அண்ணனும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் அடுக்களையில் இறங்கினார்கள். முதலில் கொஞ்சம் மால்ட் பாகைத் தண்ணீரில் கொதிக்க வைத்து ஆற்றி, அதில் ஈஸ்ட்டைத் தூவி, நுரை கட்டும் வரை காத்திருக்க வேண்டும். நுரை கட்டிவிட்டால் ஈஸ்ட் விழித்துக்கொண்டது என்று அர்த்தம். அதன் பிறகுதான் அதைப் பெரிய வாளியில் இருக்கிற பாகுத் தண்ணீரில் ஊற்ற வேண்டும். நாம் பாலுக்கு மோர் உறை ஊற்றுவதில்லையா, அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் தூவினார்கள். மாலை வரை ஒன்றுமில்லை. இரண்டாவது பாக்கெட்டையும் தூவினார்கள். மறுநாள் மத்தியானம் வரை அதுவும் ஆற்று மணல் மாதிரி அடியில் கிடந்தது. இருக்காதா பின்னே? இரண்டு பாக்கெட்டையும் அண்ணன் அத்தனை நாள் டிவி பெட்டியின் மேல் வைத்திருந்தார். டிவி சூட்டில் பாதி ஈஸ்ட் வெந்தே போயிருக்கும்.

"அலாமா, இப்ப என்னலா பண்றது?" என்று அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காதான் வேலியோரம் வந்து நின்று என்னைக் கூப்பிட்டாள். "அடியே, நீ வந்து ஒரு கை வையேன். உன் கை பட்டா கல்லுகூடப் பொங்கும்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கையைச் சோப்புப் போட்டுத்தான் கழுவினேன், அதில் குறை சொல்ல முடியாது. வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தக் கிண்ணத்தில் கையை விட்டு, மாவு கலக்குகிற மாதிரியே அடியிலிருந்து ஐந்து சுற்று கலக்கி மூடி வைத்தேன். மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால் நுரை! விளிம்பு வரை பொங்கி நின்றது. அண்ணன் கை தட்டினார். என் வீட்டுக்காரர் என்னை ஏதோ அம்மன் சிலையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குக் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போன வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். வெள்ளைக்காரன் ஈஸ்ட்டுக்கும் என் கைதான் வேண்டியிருந்தது என்று சொன்னேன். என் வாய் இருக்கிறதே!

அந்த நுரையை வாளியில் ஊற்றி, ஒரு வாரம் வைத்திருந்து, பாட்டிலில் அடைத்து, மேலும் ஒரு வாரம் கழித்துத் திறந்தார்கள். முதல் பாட்டிலை அண்ணன்தான் வாயில் வைத்தார். அவர் முகம் எலுமிச்சங்காயைக் கடித்த முகமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் ஒரு மிடறு குடித்துவிட்டு தம்ளரைத் தள்ளி வைத்தார். அக்கா விரலை நனைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தாள். "புளி. ரசம் வைக்கலாம்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. மொத்தம் இருபத்தெட்டு பாட்டில், அத்தனையும் அப்படித்தான்.

நான்கு நாள் கழித்து அக்கா வேலியோரம் வந்தாள். துணி காயப்போடுகிற சாக்கில் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தாள்.

"கல்யாணத்தன்னிக்கு மாவு கலக்க செந்தூல்லேருந்து ஒரு அம்மாவ வரச் சொல்லியிருக்கோம்டி. உனக்கு எதுக்குச் சிரமம்."

"சிரமம்னு யாருக்கா சொன்னது?"

"இல்லடி. பொண்ணு கல்யாணம். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா… கை ராசிங்கறது எப்பவும் ஒரே மாதிரி இருக்காதுன்னு சொல்வாங்க."

 உள்ளே போய் ஒரு குண்டானைத் தூக்கித் தரையில் போட்டேன். அது உருண்டு போய் நின்ற பிறகு உட்கார்ந்து அழுதேன். சொல்ல என்ன வெட்கம்? பதினான்கு வருஷமாக அந்த வரிசையில் எனக்கு இருந்த மரியாதை ஒரு வாளி பீரில் போயிற்று. இனி யாரும் வேலியோரம் வந்து கூப்பிட மாட்டார்கள். எல்லாரும் நல்லபடியாகத்தான் சிரிப்பார்கள், ஆனால் மாவுப் பாத்திரத்தை மட்டும் மூடி வைத்துக்கொள்வார்கள். 

கெட்டுப்போன பீரைக் கொட்டிப் பாட்டிலைக் கழுவுகிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது. பின்பக்கக் கால்வாயோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். ஏழாவதோ எட்டாவதோ பாட்டிலைக் கவிழ்க்கும்போது அந்த வாடை மூக்கில் ஏறியது. கையை நிறுத்திவிட்டேன். இது கெட்ட வாடை இல்லை. அழுகலும் இல்லை, ஊசலும் இல்லை. இந்த வாடையை எனக்குத் தெரியும். எழுந்து அடுக்களைக்கு ஓடி மாவுப் பானையைத் திறந்து முகர்ந்தேன். திரும்பி வந்து பாட்டிலை முகர்ந்தேன். இரண்டும் ஒன்று. இரண்டாம் நாள் மாவின் புளிப்பு, அப்படியே என் மாவு!

அங்கேயே கால்வாய் மேட்டில் உட்கார்ந்துவிட்டேன். மாவைப் பொங்க வைப்பது எதுவோ, அதுதான் மாவைப் புளிக்கவும் வைக்கிறது. அது என் கையில் இருக்கிறது. சோப்புக்கெல்லாம் அது போகவில்லை. மாவுக்குப் புளிப்பு வேண்டும், பீருக்கு வேண்டாம். புளிக்க வைக்கிற கையைப் பீருக்குள் விட்டுவிட்டு, ஐயோ பீர் புளித்துவிட்டதே, கை ராசி போய்விட்டதே என்று அழுதால் என்ன அர்த்தம்? கை எங்கேயும் போகவில்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. நாங்கள்தான் அதை வைக்கக்கூடாத இடத்தில் வைத்திருக்கிறோம்.

மாலையில் வேலை விட்டு வந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சயன்டிஸ்ட் ஆயிட்டியா?" என்று சிரித்தார். அந்தத் தாளை மறுபடியும் படிக்கச் சொன்னேன். படித்துக்கொண்டே போனவர் அதைத் திருப்பினார். பின்பக்கமும் எழுதியிருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன போட்டிருக்கு?"

"எல்லாத்தையும் கொதிக்க வைக்கணுமாம். ஆத்தின பிறகு… கை படக்கூடாதாம்."

"இத அன்னிக்கே படிக்கறதுக்கென்ன?"

"பின்பக்கம் இருக்கறது தெரியலலா."

அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. இரண்டு ஆம்பளைகள், இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் தெரியும், முன்பக்கத்தை மட்டும் படித்துவிட்டு ஒரு பொம்பளையின் கையைக் குறை சொல்லிவிட்டார்கள். அந்தக் கோபத்தோடு அப்படியே வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

இன்னும் ஒரு டின் பாகு மிச்சம் இருந்தது. ஈஸ்ட்தான் இல்லை. அண்ணன் ரொட்டி ஈஸ்ட் போடலாமா என்று கேட்டார். அதைப் போட்டால் ரொட்டி வாடைதான் வரும் என்றேன். மலாய்க்காரர்கள் சோற்றைப் புளிக்க வைத்து 'தப்பாய்' என்று ஒரு பலகாரம் செய்வார்கள்; அதற்குப் போடுகிற ராகி உருண்டை, கேழ்வரகு இல்லை, அதுவும் ஈஸ்ட் மாதிரிதான், பாசாரில் கிடைக்குமே என்றார். அதைப் போட்டால் தப்பாய்தான் வரும், சம்பந்திக்குக் கரண்டி கொடுத்து உட்கார வைக்க வேண்டியதுதான் என்றேன். பிறகு கண்ணாடி அலமாரியைக் காட்டினேன்.

"அண்ணே, அந்தப் பாட்டில குடுங்க."

அந்தப் பாட்டிலின் அடியில் வெள்ளையாக, அரிசி மாவு படிந்த மாதிரி ஒரு வண்டல் இருந்ததை, அக்காவுக்கு ஒத்தாசையாக அலமாரியைத் தூசி தட்டும்போதே பார்த்திருக்கிறேன். பாட்டிலுக்குள்ளேயே நுரை பிடிக்கட்டும் என்று விட்ட பீரில் ஈஸ்ட் வேலை முடிந்து அடியில் படுத்துக்கொள்ளும். அது தூங்குகிறதே தவிரச் சாகவில்லை என்று எனக்குப் பட்டது.

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "ஒரு தடவ கெடுத்தது போதாதாடி? அதையும் கெடுக்கணுமா?"

எனக்குச் சுருக்கென்றது. மூக்குக்கு மேல் கோபம் வந்தால் என் வாய் என்னைக் கேட்டுப் பேசாது.

"இந்தத் தடவ புளிச்சா, இனிமே யார் வீட்டு மாவுலயும் நான் கை வைக்க மாட்டேன்க்கா. என் வீட்டு மாவுலகூட. சத்தியம்!"

சொன்ன பிறகுதான் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அக்காவும் திடுக்கிட்டுப் போய் நின்றாள். அண்ணன் அலமாரியின் கண்ணாடியைத் தள்ளி, அந்தப் பாட்டிலை இரண்டு கையாலும் தூக்கி என்னிடம் கொடுத்தார். பச்சைக் குழந்தையைக் கொடுக்கிற மாதிரித்தான் கொடுத்தார். பாவம், அவருக்கும் சம்பந்தி முன்னால் வாய் விட்ட கவலை.

அன்றிலிருந்து நான் செய்ததைச் சொன்னால் எங்கள் சனங்களுக்குச் சிரிப்பு வரும். முதல் வேலையாக என் வீட்டில் மாவு அரைப்பதை நிறுத்தினேன். இட்லி இல்லை, தோசை இல்லை. மாவு இருக்கிற வீட்டில் எதில் எது ஒட்டியிருக்கும் என்று யார் கண்டார்கள்? என் வீட்டுக்காரர் தினமும் முக்குக் கடையில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயைத் தப்பாவ் செய்து, அதாவது பொட்டலம் கட்டி வாங்கி வந்து தின்றார். நான் மாவு அரைப்பதில்லை என்று தெரிந்ததும் வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்தது. கை போய்விட்டது, அவளே ஒத்துக்கொண்டு நிறுத்திவிட்டாள் என்று பேசினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

இட்லிப் பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். அதில் இட்லிக்குப் பதிலாக ஒரு பழைய இருமல் மருந்து பாட்டிலையும், அதை அடைக்கப் பஞ்சையும் வைத்து அரை மணி நேரம் ஆவியில் வேக வைத்தேன். நாலு கரண்டி மால்ட் பாகைத் தண்ணீரில் கொதிக்க வைத்து, கொதிக்கக் கொதிக்க அந்தப் பாட்டிலில் பாதிக்கு ஊற்றி, பஞ்சை அடைத்து ஆற வைத்தேன். பிறகு ஆஸ்திரேலியா பாட்டிலின் மூடியைத் திறந்து, வாயை மெழுகுவர்த்தி நெருப்பில் காட்டி, மேலே இருந்த பீரை ஆட்டாமல் அசைக்காமல் ஒரு தம்ளரில் ஊற்றி அண்ணனிடம் கொடுத்தேன். அடியில் ஒரு விரல் பீரோடு தங்கிய வண்டலைக் குலுக்கி, மருந்து பாட்டிலுக்குள் விட்டேன். பஞ்சைக்கூட விரலால் தொடவில்லை, கொதிக்க வைத்த இடுக்கியால்தான் எடுத்து அடைத்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ்கூட அவ்வளவு பார்க்க மாட்டாள்.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை. போகும்போதும் வரும்போதும் பாட்டிலை ஒரு குலுக்குக் குலுக்கி வைப்பேன்; காற்றுப் பட்டால் விழித்துக்கொள்ளும் என்று தாளின் பின்பக்கத்தில் இருந்ததாம். நான் குலுக்காத நேரத்தில் ரயில் போய்க் குலுக்கியது. தண்டவாளத்துக்கு அவ்வளவு பக்கத்தில் எங்கள் வீடு. அக்கா ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் வரலையா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத எனக்கு இதுவும் வேண்டும் இன்னமும் வேண்டும் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் பாட்டில் கழுத்தோரம் குட்டிக் குட்டியாகக் குமிழ். வளையம் மாதிரி சுற்றிலும் கட்டியிருந்தது. காதை வைத்துக் கேட்டேன். 'சிர்ர்ர்' என்று மெலிசாக ஒரு சத்தம். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவர் காதையும் பாட்டிலில் அழுத்தினேன். "ஏய், உயிரோட இருக்குடி!" என்றார். நான் பஞ்சைக் கொஞ்சம் தூக்கி முகர்ந்தேன். பழ வாசனை. புளிப்பு துளிக்கூட இல்லை. அந்த இடத்திலேயே அவர் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தேன்.

ஆனால் அந்தத் துளி ஈஸ்ட்டை ஒரு வாளிப் பாகில் விட்டால் அது மூச்சுத் திணறிப் போகும். பச்சைப் பிள்ளைக்கு யாராவது பிரியாணி ஊட்டுவார்களா? அதனால் படிப்படியாக வளர்த்தேன். மருந்து பாட்டிலில் நுரை அடங்கியதும், ஆவியில் வேக வைத்த ஜாம் பாட்டிலில் புதுப் பாகுத் தண்ணீர் காய்ச்சி அதில் மாற்றினேன். அங்கே ஒரே நாளில் பொங்கியது. அது அடங்கி, அடியில் வெள்ளையாகப் படிந்ததும், மேல் தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் இருந்த பாலாடை போன்றதை இன்னும் பெரிய ஜாடிக்கு மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் முகர்ந்து பார்ப்பேன். மூக்கு சரி என்று சொன்னால்தான் அடுத்த படி. கடைசியில் அந்த ஜாடியின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வெண்ணெய் மாதிரி ஈஸ்ட் நின்றது. ஒரு சிட்டிகை வண்டலிலிருந்து நான் வளர்த்தது! என் கை ஒரு தடவைகூட உள்ளே போகவில்லை.

பெரிய வாளியில் ஊற்றியபோது இன்னொரு தொல்லை. நம் ஊர் வெயிலில் ஈஸ்ட்டுக்கு வெறி பிடித்துவிடும். அப்படி ஆனால் பீர் மண்ணெண்ணெய் மாதிரி அடிக்கும் என்றும் அந்தத் தாளில் இருந்ததாம். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் குளியலறைத் தொட்டிதான். அந்தத் தொட்டித் தண்ணீருக்குள் வாளியை நிறுத்தி, மேலே ஈரத் துண்டைச் சுற்றினேன். தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பானால் மொண்டு கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். அந்த வேலை என் வீட்டுக்காரருக்கு. குழாயில் தண்ணீர் மெலிசாகத்தான் வரும் என்பதால் வெளிக் குழாயிலிருந்து இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வருவார். காலையில் வேலைக்குப் போகும் முன்னும், வந்த பிறகும். எட்டு நாள் நாங்கள் இருவரும் அண்ணன் வீட்டில்தான் குளித்தோம்.

பாட்டிலில் அடைக்கிற அன்று அண்ணன் என்னிடம் தயங்கித் தயங்கிப் பேசினார். "தங்கச்சி, மாப்பிள்ளை வீட்ல யாராச்சும் கேட்டா நாங்க ரெண்டு பேரும் போட்டோம்னு சொல்லிடறோம். பொம்பள பீர் போட்டான்னா கிள்ளான்காரங்க ஒரு மாதிரி நினைப்பாங்க." எனக்கு அப்போது பீர் புளிக்காமல் வந்தால் போதும் என்றிருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டேன்.

கல்யாணம் கோயிலில் நல்லபடியாக நடந்தது. காலைப் பலகாரத்துக்குச் செந்தூல் அம்மா கலக்கிய மாவில் இட்லி. இலையில் வந்து விழுந்ததை விரலால் அழுத்திப் பார்த்தேன். பஞ்சு. என்னுடையதற்கு ஒரு மாற்றுக் குறைவில்லை. ஒரு நிமிடம் வலித்தது. அப்புறம் எனக்கே சிரிப்பு வந்தது. என் கையில் இருக்கிறது அந்த அம்மா கையிலும் இருக்கிறது, அவ்வளவுதானே! நான்கு இட்லி தின்றுவிட்டு, அடுக்களைப் பக்கம் போய் அந்த அம்மாவிடம், "மாவு ரொம்ப நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். பொய்யாகச் சொல்லவில்லை.

மறுநாள் மறுவீட்டு விருந்து. கிள்ளானிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். வாசலில் கூடாரம் போட்டு, ஆண்களுக்கு மேசை நாற்காலி. பெண்கள் நாங்கள் உள்ளே ஆட்டுக்கறியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். ஐஸ் போட்ட பெரிய அலுமினியத் தொட்டியிலிருந்து அண்ணன் முதல் பாட்டிலை எடுப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதுவரை ஒரு பாட்டிலைக்கூட யாரும் திறக்கவில்லை. திறக்க வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். உண்மையில் எனக்குப் பயம்.

'டொப்' என்று மூடி கழன்றது. பெரியப்பா தம்ளரை நீட்டினார். தங்க நிறத்தில் இறங்கி, மேலே வெள்ளை நுரை ஏறி நின்றது. என் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. கறி அடிப்பிடிக்கிறது என்று யாரோ கத்தினார்கள், என் காதில் விழவில்லை. அவர் ஒரு மிடறு குடித்தார். வாயில் வைத்திருந்து, விழுங்கி, தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். மறுபடி குடித்தார். தம்ளர் காலியானது.

"எந்தக் கப்பல்ல வந்துச்சு இது?" என்றார்.

வெளியே ஒரே சிரிப்பு. அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுத்த பாட்டில், அதற்கடுத்த பாட்டில் என்று எடுத்தார். ஒன்றுகூடப் புளிக்கவில்லை.  அம்மிக்கல் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா உள்ளே வந்தாள். என் பக்கத்தில் குனிந்து, என் வலது கையைப் பிடித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "உன் கை ராசி திரும்பிருச்சுடி. நான்தான் அன்னிக்கு அவசரப்பட்டுட்டேன்."

சமாதானம் பேச வந்தவளிடம் வாயை மூடிக்கொண்டு தலையாட்டியிருக்கலாம். ஆனால் அப்படி விட்டால் அத்தனை நாள் நான் பட்ட பாடு முழுதும் ராசிக் கணக்கில் போய்விடும்.

"ராசி எங்கயும் போகல, எங்கேருந்தும் வரலக்கா. இதுல நான் கையே வைக்கல. மூக்க வச்சேன், மண்டைய வச்சேன். அதான் வந்துச்சு."

அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. என் கையை மட்டும் விடவில்லை.

அப்போதுதான் வெளியே பெரியப்பாவின் குரல் கேட்டது. சிரிப்பெல்லாம் அடங்கி, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல். "விளையாட்டு வேணாம் சம்பந்தி. யாரு போட்டது இத?"

அண்ணன் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும், நான்தானே தலையாட்டினேன். அக்காவுக்கும் தெரிந்திருந்தது. அவள் என் கையை இறுக்கிப் பிடித்து, வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். இருபது ஆம்பளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான்தாங்க போட்டேன்" என்றேன். "இவர் தண்ணி தூக்கினாரு."

 என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு அவர்களைப் பார்த்தார். "ஆமா" என்றார், "நான் தண்ணி மட்டும்தான் தூக்கினேன். எட்டு நாள்."

பெரியப்பா காலித் தம்ளரை மேசையில் வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை, நேராக முகத்தைப் பார்த்தார். "எப்படிம்மா செஞ்ச? இந்த வெயில்ல எப்படிப் புளிக்காம வந்துச்சு?"

அந்தக் காலத்தில் ஆண்கள் உட்கார்ந்திருக்கிற கூடாரத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் உட்கார மாட்டோம். நின்று பரிமாறிவிட்டு உள்ளே போய்விடுவோம். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவருக்கு எதிரே உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன்.